தாடையும் தலைமுறையும்: மனிதப் பல்வரிசை மாறிய வரலாறு

மனிதனுக்குப் பல் இரண்டு முறை முளைக்கிறது. முதலில் 20 பால்பற்கள். பின்னர் அவை விழுந்த இடத்திலும் அதற்கு அப்பாலும் 32 நிலைப்பற்கள். இந்த 32 பற்களும் நெரிசலின்றி அமைவதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெற்றுப்பல்லாக நிற்பதும் இரண்டு வளர்ச்சிகளைப் பொறுத்தவை. பல்லின் தலைப்பகுதி ஈறுக்குள்ளேயே முழு அளவில் உருவாகிவிடுகிறது. ஆறு வயதில் வெளிவரும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் குழந்தை பிறக்கும் வேளையிலேயே சுண்ணாம்பேறத் தொடங்குகிறது. மூன்று வயதுக்குள் அதன் தலை முழுமை பெற்றுவிடும். அதன்பின் அந்தப் பல் மயிரிழையளவும் பெரிதாகாது, தேயத்தான் செய்யும். தாடை எலும்போ பதின்பருவம் முடியும்வரை வளர்கிறது. அது எவ்வளவு வளரும் என்பதில் மரபுக்கும் பங்கு உண்டு, மெல்லும் வேலைக்கும் பங்கு உண்டு. பல்லின் அளவு அது முளைக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. தாடையின் அளவோ குழந்தை மெல்லும் சோற்றையும் பார்த்தே முடிவாகிறது. கடந்த சில தலைமுறைகளில் பல்வரிசை குலைந்ததற்கான காரணத்தை இங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

பல்வரிசைக் கோளாறுகளை முறையாக வகைப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள். மேல், கீழ் முதல் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை அளவுகோலாகக் கொண்டு 1899இல் அவர் வகுத்த மூன்று பிரிவுகளே இன்றும் எல்லாப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் முதல் பாடம். முதல் பிரிவில் கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தியிருக்கும். முன்பற்கள் மட்டும் நெரியும். இரண்டாவதில் கீழ்த்தாடை பின்னுக்குப் போய் மேல்பற்கள் எத்திநிற்கும். மூன்றாவதில் கீழ்த்தாடை முன்தள்ளும். நல்ல உணவும் மருத்துவ வசதியும் உள்ள அமெரிக்காவிலேயே, 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, கீழ் வெட்டுப்பற்கள் ஒழுங்காக அமைந்த பெரியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. பெரும்பாலோருக்கு இல்லாத ஒன்றை இயல்பு என்று சொல்லலாமா என்ற கேள்வி எழுவது நியாயமே. அதற்கு விடை காண இறந்தவர்களின் தாடைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழகத்தில் இந்தத் தேடல் எளிதன்று. சென்னையின் தெற்கு விளிம்பிலுள்ள பல்லாவரத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே தொடக்கம்; அதைச் செய்த கைக்குரியவரின் பல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதே பல்லாவரத்துக் குன்றில் அலெக்சாண்டர் ரீ 1880களில் சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டியெடுத்தார். ஈரமும் வெப்பமும் மாறிமாறித் தாக்கும் மண்ணில் எலும்பு கரைந்துபோகும். பற்சிப்பி மட்டும் நெடுங்காலம் தாங்கும். ஆகவே நம் ஊர் ஈமத்தாழிகளில் தாடை சிதைந்து பற்கள் மட்டும் உதிரியாகக் கிடைப்பது வழக்கம். உதிரிப் பல் தன் அளவையும் தேய்மானத்தையும் சொத்தையையும் சொல்லும். தன் பக்கத்துப் பல் நேராக நின்றதா, கோணி நின்றதா என்பதை அது சொல்லாது. வரிசையை அறியத் தாடை முழுதாக வேண்டும்.

அப்படி ஓரளவு முழுமையான மண்டையோடுகளைத் தந்த இடம் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கிருந்து எடுத்துச் சென்றவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் ரீ தோண்டியவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அந்த மண்டையோடுகளைப் பற்றிச் சாலி சக்கர்மன் எழுதிய ஆய்வு 1930இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அக்கால மானிடவியலின் நாட்டம் முழுவதும் மண்டையின் நீள அகலத்தில் இருந்தது. இவர்கள் எந்த இனம் என்பதே கேள்வி. எட்கர் தர்ஸ்டன் சென்னை மாகாணமெங்கும் சுற்றி உயிரோடிருந்தவர்களின் தலையையும் மூக்கையும் அளந்ததும் இதே நோக்கில்தான். என்ன தின்றார்கள், அது தாடையை என்ன செய்தது என்ற கேள்வி அப்போது பின்வரிசையில் நின்றது. அந்த உழைப்பில் ஒரு பகுதியாவது பல்வரிசைக்குச் செலவாகியிருந்தால், மில் அரிசி பரவும் முன்பிருந்த தமிழ்த் தாடைகளைப் பற்றி இன்று நம் கையில் ஒரு பதிவு இருந்திருக்கும். இது உண்மையான இழப்பு.

இந்தியத் தொல்பற்களைப் பற்றிய விரிவான ஆய்வுகளைச் செய்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஜான் லூகாக்ஸ். கங்கைச் சமவெளியின் சராய் நாகர் ராய், மகதகா, தம்தமா ஆகிய இடைக்கற்கால இடங்களிலும், புனே தக்காணக் கல்லூரி தோண்டிய இனாம்காவ் செம்புக்கால ஊரிலும் கிடைத்த பற்களை அவர் அளந்தார். இனாம்காவ் ஆய்வில் எஸ்.ஆர். வாலிம்பே உடன் உழைத்தார். வேட்டையாடி, கிழங்கும் விதையும் திரட்டி உண்டவர்களின் பற்கள் பெரியவை, சொத்தை குறைந்தவை. பயிர் செய்து தானியத்தை வேகவைத்து உண்டவர்களின் பற்கள் சிறுத்தும், சொத்தை மிகுந்தும் இருந்தன. இலங்கையில் பலாங்கொடை மனிதர் என்று அழைக்கப்படும் பண்டைய வேட்டைச் சமூகத்தின் எலும்புகளிலும் பெரிய பற்களே காணப்படுகின்றன. உலகளவில் இந்தச் சிறுத்தலின் வேகத்தைக் கணக்கிட்ட லோரிங் பிரேஸ் குழுவினர், கடைசிப் பனியுகத்துக்குப் பின் பற்களின் அளவு ஆயிரம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு குறைந்து வந்துள்ளது என்றனர். பல்லின் வேகம் இவ்வளவுதான். மூன்று தலைமுறையில், அதாவது ஏறத்தாழ 75 ஆண்டுகளில், இந்த வேகத்தில் நிகழும் மாற்றம் அளவுகோலுக்குக்கூடச் சிக்காது. எனவே பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே பல்வரிசை மாறினால், மாறியது பல் அன்று.

பழந்தாடைகளில் வேறொன்றும் கண்ணில் படும். மெல்லும் பரப்பு தட்டையாகத் தேய்ந்திருக்கும். பல்லும் பல்லும் தொடும் பக்கவாட்டிலும் தேய்மானம் இருக்கும். மேல், கீழ் வெட்டுப்பற்கள் நுனியோடு நுனி சந்திக்கும். இன்று நாம் இயல்பாகக் கருதும், மேல்பல் கீழ்ப்பல்லைச் சற்று மூடி நிற்கும் கடிப்பு அங்கே குழந்தைகளிடமும் இளையோரிடமும் இருந்து, வயது ஏற ஏற மறைந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் மண்டையோடுகளை ஆராய்ந்த அடிலெய்டு மருத்துவர் ரேமண்ட் பெக் 1954இல் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். பக்கவாட்டுத் தேய்மானத்தால் தாடையின் ஒவ்வொரு பக்கமும் ஒரு முன்கடைவாய்ப்பல்லின் அகலம் அளவுக்கு இடம் மிச்சமாகிறது. தேய்மானமற்ற இன்றைய மனிதனுக்கு அந்த இடத்தை, பல்லைப் பிடுங்கி மருத்துவர்தான் உண்டாக்கித் தர வேண்டும் என்றார். அவர் பெயர் தாங்கிய கம்பி முறை இந்தியக் கல்லூரிகளில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ஒரு தலைமுறை மாணவர்கள் நான்கு முன்கடைவாய்ப்பற்களை இழந்து நேர்வரிசை பெற்றதற்குப் பின்னால் இந்தக் கருத்து இருக்கிறது. ஆனால் பெக்கின் விளக்கம் பாதிதான். தேய்மானம் சேர ஆண்டுகள் ஆகும். நெரிசலோ ஏழெட்டு வயதில், வெட்டுப்பற்கள் முளைக்கும்போதே தெரிந்துவிடுகிறது. அந்த வயதில் இடம் தர வேண்டியது தாடையின் அகலமே.

உழவுதான் தாடையைச் சுருக்கியது என்று நெடுநாள் சொல்லப்பட்டது. நோரீன் வான் கிராமன் டௌபாடெல் 2011இல் வெளியிட்ட ஆய்வு, கீழ்த்தாடையின் வடிவம் மக்களின் வம்சாவளியைவிட வாழ்க்கைமுறையோடு நெருங்கி ஒத்துப்போவதைக் காட்டியது. வேட்டைச் சமூகங்களின் தாடை நீண்டது, உழவரின் தாடை குறுகியது. எனினும் 2017இல் டேவிட் காட்ஸ் குழுவினர் கணக்கிட்டபோது உழவால் மண்டையில் ஏற்பட்ட மாற்றம் சிறியதாகவே தெரிந்தது. பின்லாந்திலும் நார்வேயிலும் இடைக்கால மண்டையோடுகளை இன்றைய மக்களோடு ஒப்பிட்ட ஆய்வுகள் விடுபட்ட கண்ணியைத் தருகின்றன. அந்த இடைக்கால மக்கள் பயிரிட்ட தானியத்தையே உண்டார்கள். ஆனாலும் அவர்களிடம் பல் நெரிசல் குறைவு. உழவு ஒரு படி. அடுத்த, செங்குத்தான படி ஆலைக்காலத்து உணவோடு வந்தது.

அந்தப் படியை உயிருள்ள மக்களிடம் அளந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் இராபர்ட் கொருச்சினி. அவரது ஆய்வுகளில் நமக்கு நெருக்கமானது பஞ்சாபில் நடந்தது. அவரும் அவரது இந்தியக் கூட்டாளிகளும் சண்டிகர் நகரத்து இளைஞர்களையும் சுற்றுக் கிராமங்களின் இளைஞர்களையும் ஒப்பிட்டு, 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரு சாராரும் ஒரே பஞ்சாபி மக்கள். சண்டிகரோ 1950களில் புதிதாகக் கட்டப்பட்ட நகரம். நகரத்து இளைஞர்கள் கிராமத்திலிருந்து பிரிந்து ஒன்றிரண்டு தலைமுறைதான் ஆகியிருந்தது. அதற்குள் மரபணு மாறிவிட வழியில்லை. ஆயினும் நகரத்தாரிடம் பல்வரிசைக் கோளாறு தெளிவாகக் கூடியிருந்தது. வீடும் தெருவும் பள்ளியும் மாறியதோடு வாய்க்குள் போவதும் மாறியிருந்தது. கிராமத்தின் முரட்டு உணவு நகரத்தில் மென்மையாகிவிட்டது. அமெரிக்காவின் கென்டக்கி மலைக்கிராமங்களில் முதியவர்களையும் அவர்களது பேரப்பிள்ளைகளையும் ஒப்பிட்டபோதும், பீமா பழங்குடியினரிடமும், 1946இல் அமைக்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் யுவெண்டுமு குடியிருப்பிலும் போக்கு ஒன்றாகவே இருந்தது. தொற்றுநோய் குறைந்து வாழ்க்கைமுறை நோய் கூடும் மாற்றத்தைப் போலவே பல்வரிசையும் மாறுகிறது என்று அவர் 1984இல் தொகுத்து எழுதினார்.

சென்னையில் இந்த முடிவைக் கேட்கும் பலருக்கு உடனே ஒரு மறுப்பு தோன்றும். அப்பாவின் பெரிய பல்லும் அம்மாவின் சின்னத் தாடையும் பிள்ளைக்குச் சேர்ந்து வந்துவிட்டது என்பது வீடுகளில் சொல்லப்படும் விளக்கம். மருத்துவ நூல்களிலும் அது நெடுங்காலம் இருந்தது. வெவ்வேறு இன நாய்களைக் கலந்து இனப்பெருக்கம் செய்த ஸ்டாக்கார்டின் சோதனைகளில் பொருந்தாத தாடைகள் பிறந்ததே அதற்கு ஆதாரம். ஆனால் மனிதரிடையே நாய் இனங்களுக்குள்ளது போன்ற வேறுபாடு இல்லை. பல கண்டத்து மக்கள் தாராளமாக மணந்து கலந்த ஹவாய்த் தீவில் 1971இல் வெளிவந்த ஆய்வு, கலப்பால் பல்வரிசைக் கோளாறு அப்படிக் கூடவில்லை என்று காட்டியது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணந்த நம் குடும்பங்களிலும் தெற்றுப்பல் உண்டு என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். மரபுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளன்று. கீழ்த்தாடை முன்தள்ளும் மூன்றாம் பிரிவு குடும்பவழியாக வருவது நன்கு அறியப்பட்டதே. ஆனால் பரவலான முன்பல் நெரிசலுக்கு அந்த விளக்கம் போதாது.

மெல்லுதல் எலும்பை எப்படி வளர்க்கிறது என்பதை விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. எலும்பு அழுத்தத்தை உணரும் உயிர்த்திசு. மெல்லும் தசை இழுக்கும்போது தாடை மிக நுட்பமாக வளைகிறது. அந்த வளைவைத் தாங்கும்படி எலும்புச் செல்கள் புது அடுக்குகளைச் சேர்க்கின்றன. குழந்தைப் பருவத்தில் மேல்தாடையின் நடுப்பொருத்து இறுகாமல் இருப்பதால் அகலமும் கூடும். 1982இல் கொருச்சினியும் பீச்சரும் அணில் குரங்குகளில் ஒரு பகுதிக்கு மென்மையான உணவு கொடுத்து வளர்த்தபோது அவற்றின் பல்வளைவு குறுகிக் கோளாறுகள் பெருகின. 2004இல் டேனியல் லீபர்மன் குழுவினர் பாறை முயல் எனப்படும் ஹைராக்ஸ் குட்டிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சமைத்த உணவையும் மற்றதற்குப் பச்சை உணவையும் தந்தனர். சமைத்ததைத் தின்றவற்றின் முகத்தில் மெல்லும் விசை மிகுதியாக விழும் பகுதிகள் ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவாக வளர்ந்தன. பல்லின் அளவைத் தீர்மானிக்கும் மரபணுவுக்கு இந்தச் செய்தி போய்ச்சேராது. அது பழைய அளவிலேயே பல்லைச் செய்து அனுப்புகிறது.

இதைத் தமிழ்ச் சமையலறைக்குள் கொண்டுவந்தால் ஒரு சிக்கல் தெரியும். நம் வேளை உணவு நெடுங்காலமாகவே மென்மையானது. குழையக் குழைய வடித்த சோறு, கூழ், களி, இட்லி, தயிர்ச்சாதம் எதுவும் பல்லுக்குப் பெரிய வேலை வைப்பதில்லை. அந்தக் காலத்துச் சாப்பாடு எல்லாமே கடினம் என்று சொல்வது உண்மையாகாது. தாடைக்கு வேலை தந்தவை வேளைக்கு வேளை நடுவில் குழந்தைகள் கடித்தவை: பனங்கிழங்கு, தேங்காய்ச் சில்லு, வறுத்த கடலை, ஊறவைத்த பச்சரிசி, சீடை, தட்டை, முறுக்கு. பொரிவிளங்காய் உருண்டையைக் கடைவாயில் ஒதுக்கி நெடுநேரம் அடக்கிவைத்துத்தான் உடைக்க முடியும். கடலோரத்தில் கருவாடு. கைக்குத்தல் அரிசியின் தவிடும் கேழ்வரகு அடையும் பல்லுக்குக் கூடுதலாக உரசல் தந்தன. திருகையிலும் அம்மியிலும் அரைபட்டதில் கலந்த நுண்ணிய கல்துகளும் பல்லைத் தேய்த்தது.

இவை ஒரே நாளில் போகவில்லை. அரிசி ஆலைகள் தவிட்டை நீக்கின. 1950களில் கோயம்புத்தூரில் உருவான கிரைண்டர் ஆட்டுக்கல்லின் இடத்தைப் பிடித்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து பிரஷர் குக்கர் வீடுவீடாகப் பரவி, பருப்பையும் கிழங்கையும் கறியையும் நாக்கால் நசுக்கும் பதத்துக்குக் கொண்டுவந்தது. மிக்ஸி வந்தபின் தேங்காயைக் கடித்துத் தின்பதைவிட அரைத்துச் சேர்ப்பது எளிதாயிற்று. இவற்றோடு பிஸ்கட், பன், ரொட்டி, நூடுல்ஸ். மயிலாப்பூர் மாடவீதிகளில் தைப்பொங்கலுக்கு முந்தைய நாட்களில் இன்றும் கரும்புக் கட்டுகள் குவிகின்றன. ஆனால் கணுவைக் கடித்துப் பட்டையைப் பல்லால் உரிக்கும் குழந்தைகள் அரிதாகிவிட்டார்கள். தோல் சீவித் துண்டு போட்டோ, சாறு பிழிந்தோதான் கரும்பு அவர்கள் கைக்கு வருகிறது. பெரியவர்கள் அன்போடு செய்யும் காரியம் இது. பிள்ளையின் வாய் வலிக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் மசித்துத் தரும் கை, அந்த வாய்க்குத் தேவையான வேலையைத் தெரியாமல் பறிக்கிறது.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் உருவான தியாகராய நகரும், பின்னர் வீடுகள் பெருகிய அடையாறும் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்த குடும்பங்களால் நிறைந்தவை. சண்டிகரைப் போலவே இங்கும் மக்கள் கிராமத்திலிருந்து பிரிந்து சில தலைமுறைகளே ஆகின்றன. தாத்தாவுக்கு எல்லாப் பல்லும் முத்து முத்தாக இருந்தது என்ற நினைவை மட்டும் பல்வரிசை குலைந்ததற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. பழைய நிழற்படங்களில் பெரும்பாலோர் வாயை மூடிக்கொண்டே நிற்கிறார்கள். கோணல் பல் அன்று ஒரு குறையாகவே எண்ணப்படவில்லை. யாரும் கவனிக்காதது நினைவிலும் தங்காது. மருத்துவமனைகளில் சேரும் பிளாஸ்டர் அச்சுகளும் எக்ஸ்ரே படங்களும்தான் நம்பத்தக்க சான்றுகள். மூன்று தலைமுறை அச்சுகளைக் குடும்பவாரியாகச் சேர்த்துப் பாதுகாக்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்ற வேண்டும்.

உணவின் கடினத்தைத் தவிர வேறு காரணங்களும் உள்ளன. குன்னூர் ஆய்வகத்தில் இராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெள்ளை அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு கடைசி வரிசையில் நின்றது. அதனால் சத்துக்குறைவே தாடைக் குறைவுக்கும் காரணம் என்று கருத இடமுண்டு. வெஸ்டன் பிரைஸ் 1939இல் எழுதிய நூல் இதையே உலகளவில் வாதிட்டது. ஆனால் இன்று நன்றாக உண்டு, பெற்றோரைவிட உயரமாக வளரும் பிள்ளைகளுக்கும் பல் நெரிகிறது. கை கால் எலும்புகளுக்குக் கிட்டிய வளர்ச்சி தாடைக்கு மட்டும் கிட்டவில்லை என்றால், சத்து மட்டும் விடையாகாது. பால்பல் சொத்தையாகி முன்கூட்டியே போவது இன்னொரு காரணம். எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விட்டுவிட்டால், பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் அந்த வெற்றிடத்துக்குள் முன்னகர்ந்து, வரவேண்டிய நிலைப்பல்லின் வழியை அடைக்கும். விரல் சூப்புதலும், மூக்கடைப்பால் வாய்வழி மூச்சுவிடுவதும் மேல்தாடையைக் குறுக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஓய்வெடுக்காமல் கீழே கிடந்தால், கன்னத்தின் அழுத்தத்துக்கு எதிர்விசை இல்லாமல் போகிறது.

தமிழகத்தில் முறையான பல் மருத்துவக் கல்வி 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்து தொடங்கியது. அதுவே இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. இந்தியப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் 1965இல் அமைந்தது. இன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கிளிப் போடுவது தென்சென்னையின் நடுத்தர வீடுகளில் இயல்பான செலவு. கிளிப், எலும்புக்குள் பல்லை நகர்த்துகிறது. அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரைந்து, இழுபடும் பக்கம் புது எலும்பு படியும். தாடையின் குறையை அது ஈடுசெய்கிறது, போக்குவதில்லை. அதனால்தான் கம்பியை எடுத்த பின்னும் ரிட்டெய்னர் போடச் சொல்கிறார்கள். கீழ்த்தாடையில் கோரைப்பற்களுக்கு இடைப்பட்ட அகலம் ஒன்பது பத்து வயதுக்குப் பின் அதிகம் கூடுவதில்லை. ஆகவே ஏழு வயதில் ஒருமுறை பல்வரிசையைக் காட்டுவதில் பொருள் உண்டு. மேல்தாடையை விரிக்கும் கருவியும் பொருத்து இறுகும் முன்பே நன்றாகப் பயன் தரும்.

வளர்ந்து முடிந்த தாடையை மெல்லும் பயிற்சியால் திருத்திவிடலாம் என்று இன்று பரப்பப்படும் நம்பிக்கைகளுக்குப் போதிய சான்று இல்லை. நீள்முகம் கொண்ட குழந்தைகளைக் கெட்டியான பிசினை நாள்தோறும் மெல்லச் செய்து 1987இல் வெளியான சிறு ஆய்வு சாதகமான மாற்றத்தைக் காட்டியது. அது வளரும் குழந்தைகளிடம், அதுவும் மிகச் சிலரிடம் பார்க்கப்பட்டது. வளர்ச்சி முடிந்தவர் கடினமானதைக் கடித்தால் பல்தான் விரிசல் விடும். சிறு குழந்தைக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. கமர்கட்டு போன்ற ஒட்டும் இனிப்பு தாடைக்கு வேலை தந்தாலும் சொத்தையைக் கொண்டுவரும். பால்பல் வரிசை நிறைந்த பிறகு வயதுக்கேற்ற காய், பழம், அடை, தட்டை, பெரியவர் பார்வையில் கரும்பு என்று மெல்லும் நேரத்தைக் கூட்டுவது தீங்கற்றது, செலவற்றது.

தாடை குறுகியதன் சுமை பெரிதும் விழுவது ஞானப்பல்லின் மேல். மூன்றாம் கடைவாய்ப்பல்லாகிய அது பதினேழு வயதுக்கு மேல், மற்றெல்லாப் பற்களும் இடம் பிடித்த பின் வருகிறது. தேய்மானத்தால் மற்றப் பற்கள் முன்னகர்ந்து கொடுத்த காலத்தில், பின்வரிசையில் அதற்கு இடம் காத்திருந்தது. இன்று அது சாய்ந்தோ படுத்தோ எலும்புக்குள் புதைந்து, வீக்கமும் சீழும் உண்டாக்கி அறுவைக்கு வருகிறது. சிலருக்கு ஞானப்பல் உருவாவதே இல்லை. அது மரபணு சார்ந்தது. மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் அதன் அளவு வேறுபடும். பயன்படுத்தாததால் வருங்காலத்தில் எல்லோருக்கும் அது மறைந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஞானப்பல் இருப்பவருக்குப் பிள்ளை குறையவும், இல்லாதவருக்குப் பெருகவும் செய்தாலொழிய இயற்கைத் தேர்வு அதை நீக்காது. பல் மருத்துவம் வந்தபின் அந்த வேறுபாட்டுக்கு வழியும் இல்லை. ஞானப்பல்லின் தலைப்பகுதி ஏழு முதல் பத்து வயதுக்குள் சுண்ணாம்பேறத் தொடங்குகிறது. அது முளைக்க இடம் உண்டா என்பது, அப்போது தொடங்கிப் பதின்பருவம் முடியும்வரை தாடையின் பின்பகுதி எவ்வளவு நீள்கிறது என்பதைப் பொறுத்து அமைகிறது.